கல்லிலை தண்ணி ஊத்த முதல்

என்ரை மகள் பிள்ளை பெத்து நாலாம் மாதம். லண்டன் ஹரோவிலை அவளின்ரை வீட்டிலை நான் அவளுக்குக் காவல் இருந்தன். காவல் எண்டு வேறை ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் சொல்லுறன். அவள் குளிக்கப் போனால் உடுப்பு மடிக்கிற சாட்டிலை கதவுக்கு வெளியிலை நிப்பன். வீட்டிலை கிடந்த குளிசைப் பெட்டியள் எல்லாத்தையும் என்ரை சூட்கேசுக்குள்ளை போட்டுப் பூட்டி, திறப்பைத் தாலிச் சங்கிலியிலை கொழுவி வைச்சிருந்தன். என்ரை மனிசன் செத்தபிறகும் நான் கழட்டாத சங்கிலி அது.

அவள் அழேல்லை. அழுதிருந்தால் எனக்கு விளங்கியிருக்கும். பிள்ளைக்குப் பால் குடுப்பாள், நப்பி மாத்துவாள், ஒண்டிலும் குறை வைக்கமாட்டாள். முடிஞ்ச கையோடை பிள்ளையைத் தொட்டிலிலை கிடத்திப்போட்டு, இரண்டு கையையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டு சுவரோடை போய் நிப்பாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி மட்டும் இறங்கமாட்டாள். "அம்மா, நீங்கள் கொண்டு போங்கோ" எண்டு என்னட்டைத் தருவாள். களைப்பாக்கும் எண்டு நானும் வாங்குவன்.

பிள்ளையைப் பாக்க வாற நேர்ஸ், தாய்க்கு எப்பிடி எண்டு கேப்பா. மருமகன் முந்திக்கொண்டு, நித்திரை காணாது, மற்றும்படி நல்லா இருக்கிறா எண்டு சொல்லுவார். அவர் நல்ல பெடியன். வீட்டிலை இருந்து கம்பியூட்டர் வேலை, பெண்சாதியிலை உயிர். அவருக்கும் பயம்தான், அதுதான் முந்திறது. சனி ஞாயிறிலை சொந்தக்காரர் வருவினம். பால் காணுமோ, பிள்ளை ஆரின்ரை சாயல், அடுத்தது எப்ப எண்டு கேப்பினம். என்ரை மகள் எல்லாருக்கும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பாக்கத்தான் எனக்கு ஏலாமல் இருந்தது.

நானும் தெரிஞ்சதெல்லாம் செய்து பாத்தன். பிள்ளை பெத்தவைக்கு வைக்கிற சரக்குக்கறி வைச்சன். டூட்டிங்கிலை ஒரு கடையிலை காஞ்ச நொச்சியிலையும் பாவட்டையும் வாங்குவிச்சு, தண்ணி கொதிக்கவைச்சு அவளுக்கு முழுக வாத்தன். அவள் மரம் மாதிரி நிண்டாள். வாக்கேக்கை நான் வாயை மூடேல்லை. என்னடி பிள்ளை செய்யுது, எங்கை நோகுது, அம்மாவுக்குச் சொல்லு. ஒண்டுமில்லை அம்மா எண்டாள்.

இவள் பிறந்தது பின்லாந்திலை. அப்ப எனக்குப் பத்தியம் தர ஒரு சனமில்லை. என்ரை மனிசன் ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவப் போயிடுவார். நான் யன்னலாலை பனியைப் பாத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை ஏன் என்னட்டை வந்து பிறந்தது எண்டு யோசிச்சுக்கொண்டு கிடப்பன். எங்கடை கட்டிடத்திலை நிலத்துக்குக் கீழை ஒரு சவுனா, சூடேத்தி வேர்க்க இருக்கிற அறை, இருந்தது. அங்கை கட்டிடத்துக்குக் கட்டிடம் அது இருக்கும், கோயிலடிக் கேணி மாதிரி எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம், பொம்பிளையளுக்கெண்டு ஒரு நேரம். மேல்வீட்டுப் பொம்பிளை ஒருத்தி, லிப்டிலை கண்டால் தலையாட்டிறதோடை சரி, ஒருநாள் துவாயோடை வந்து கதவைத் தட்டி, வா எண்டு கையைக் காட்டினா. அவர் வேலையாலை வந்து பிள்ளையோடை இருந்த நேரம். போனன்.

நான் கிணத்தடியிலை குளிக்கிறவள் மாதிரி குறுக்குக்கட்டுக் கட்டியிருந்தன். அவ பிறந்த மேனி. அவவும் சிரிக்கேல்லை, நானும் சிரிக்கேல்லை. மரத்தாலை ஆன அறை, இருட்டு, மூலையிலை அடுப்பு, அடுப்புக்கு மேலை கருங்கல்லுக் குவியல். அவ வாளிக்குள்ளை அகப்பையை விட்டுத் தண்ணி அள்ளினா. ஆனால் ஊத்தேல்லை. என்னைத் திரும்பிப் பாத்து, ஊத்தட்டோ எண்டு சாடையாலை கேட்டா. நான் தலையாட்டுமட்டும் பொறுத்தா. அங்கத்தை முறை அது. ஊத்தினால் எல்லாருக்கும் சுடும், அதாலை கேட்டுத்தான் ஊத்துவினம். ஆனால் அந்த நாட்டுக்குப் போனபிறகு என்னட்டை ஒண்டைக் கேட்டுட்டு என்ரை பதிலுக்குப் பொறுத்த முதல் ஆள் அவதான். தண்ணி கல்லிலை பட்டு, ஆவி எழும்பி, முதுகிலை போர்வை போட்ட மாதிரி வந்து இறங்கிச்சுது. அதுக்குப் பிறகு அவ வேறை ஒண்டும் கேக்கேல்லை. இரண்டு மூண்டு கிழமை அப்பிடிப் போய், ஒருநாள் நான் அழுது தமிழிலை எல்லாத்தையும் கொட்டினன். அவவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஊத்தட்டோ எண்டு மட்டும் கேட்டா. நான் எழும்பி நடந்தது அந்தத் தண்ணியாலைதான் எண்டு இண்டைக்கும் சொல்லுவன்.

இப்ப லண்டனிலை எங்கை பாத்தாலும் சவுனா. மருமகன் போனிலை தேடி, ஈஸ்ட் லண்டனிலை ஒரு கார் பார்க்குக்குப் பின்னாலை விறகு மூட்டிற சவுனா இருக்கெண்டு கண்டுபிடிச்சார். நித்திரை வருமாம், மனப்பாரம் குறையுமாம், தோல் மினுங்குமாம் எண்டு வாசிச்சார். தோல் கிடக்கட்டும் தம்பி, நீங்கள் புக் பண்ணுங்கோ எண்டன். டொக்டரிட்டையும் கேட்டம். புண் ஆறிட்டுது, போகலாம், தலை சுத்தினால் உடனை வெளியிலை வரட்டாம்.

முதல் போனது ஒரு சனிக்கிழமை. உள்ளுக்குப் பாட்டுப் போகுது. நெருக்கிக்கொண்டு சனம். அந்த இடத்தை நடத்திற தாடிக்காரப் பெடியன் துவாயைச் சுழட்டிச் சூட்டை வீச, எல்லாரும் கைதட்டிச்சினம். ஆரையும் கேக்காமல் வாளித் தண்ணியை ஊத்தினான். பக்கத்திலை இருந்த பெட்டை ஒருத்தி, நல்ல மனத்தோடைதான், உங்களுக்கு என்ன கஷ்டம், ஏன் இதுக்கு வந்தனீங்கள் எண்டு என்ரை மகளிட்டைக் கேட்டாள். என்ரை மகள் அந்தச் சிரிப்பைச் சிரிச்சிட்டு எழும்பி வெளியிலை போயிட்டாள்.

நான் ஆரிட்டையும் போய் நிண்டு கேட்டுப் பழகாதவள். அண்டைக்கு அந்தப் பெடியனிட்டைப் போனன். என்ரை இங்கிலீசு கடைக்கும் பஸ்ஸுக்கும் காணும், இதுக்குக் காணாது. என்ரை மகள், சின்னப் பிள்ளை இருக்கு, அவளுக்குச் சரியில்லை, பாட்டு வேண்டாம், சனம் வேண்டாம். அவ்வளவுதான் சொல்ல ஏலுமாயிருந்தது. அவன் கேற்றடியிலை முதுகைக் காட்டிக்கொண்டு நிண்ட என்ரை மகளைப் பாத்தான். செவ்வாய்க்கிழமை காலமை ஒருத்தரும் வாறேல்லை, வாங்கோ எண்டான். அதுக்குமேலை ஒண்டும் கேக்கேல்லை. எனக்கு அவனிலை ஒரு பிடிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை மெட்ரோபொலிட்டன் லைனிலை போனம். ட்ரெயின் வரேக்கை அவளின்ரை மணிக்கட்டைப் பிடிச்சிருந்தன். அம்மா நோகுது எண்டாள். நான் விடேல்லை.

பெடியன் அடுப்பை மூட்டிச் சூடேத்தி வைச்சிருந்தான். தண்ணி குடியுங்கோ, தலை சுத்தினால் வெளியிலை வாங்கோ எண்டு கவனமாச் சொன்னான். ஓம் தம்பி, ஓம் தம்பி எண்டன். பிறகு வெளியிலை கதிரையைப் போட்டு, கம்பளித் தொப்பியோடை மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தான். நான் குறுக்குக்கட்டோடை வர, நீச்சல் உடுப்போடை நிண்ட என்ரை மகள் மேலும் கீழும் பாத்தாள்.

"என்னம்மா, கிணத்தடிக்கே போறியள்?"

எத்தனை மாதத்துக்குப் பிறகு அவளின்ரை வாயிலை ஒரு பகிடி. நான் ஏதும் சொன்னால் கலைஞ்சிடும் எண்டு பயம்.

உள்ளுக்கை இருந்தம். நான் அள்ளி வைச்சுக்கொண்டு, ஊத்தட்டோ எண்டு கேட்டன். அகப்பையைப் பிடிச்சபடி இருந்தன். நாக்கு நுனியிலை ஆயிரம் கேள்வி நிண்டுது. விழுங்கினன். பிறகு, ஊத்துங்கோ எண்டாள். ஊத்தினன். கொஞ்ச நேரத்தாலை இன்னொருக்காக் கேட்டன், இன்னொருக்கா ஊத்தினன். மூண்டாம் முறை கேக்க, அவள் வேறை ஒண்டு சொன்னாள்.

"அம்மா, பிள்ளையைத் தூக்கினால், படியிலை எறிஞ்சு போடுவனோ எண்டு வருது. எனக்கு அது வேண்டாம். ஆனால் வருது. கத்தியைக் கண்டாலும் வருது. நான் இல்லாட்டிப் பிள்ளை தப்பிடும்."

வேறை எங்கையும் எண்டால் நான் தலையிலை அடிச்சுக் குழறியிருப்பன். சீ, அப்பிடிச் சொல்லாதை எண்டு வாயைப் பொத்தியிருப்பன். அகப்பைத் தண்ணி என்ரை காலிலை சிந்திச்சுது. திரும்ப அள்ளினன்.

"ஊத்தட்டோ பிள்ளை?"

"ஊத்துங்கோ."

ஆவி எழும்பினபிறகு அவள் அழுதாள். நான் பக்கத்திலை இருந்தன்.

வெளியிலை வந்து குளிருக்கை நிக்கேக்கை, ஆருக்கும் சொல்லாதேங்கோ, பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடுவாங்கள் எண்டு என்ரை கையைப் பிடிச்சாள். எனக்கும் அந்தப் பயம் வந்தது, மறைக்கேல்லை. ஆனால் சங்கிலியிலை கிடந்த திறப்பு அடுப்புச் சூட்டிலை நெஞ்சைச் சுட்டபடி இருந்தது. இதை நான் மட்டும் காக்க ஏலாது எண்டு எனக்கு விளங்கிச்சுது. சொல்லத்தான் வேணும், நீ சொல்லு, நான் பக்கத்திலை இருப்பன் எண்டன். பெடியன் இரண்டு கோப்பை தேத்தண்ணியை மர வாங்கிலை வைச்சிட்டுப் போனான்.

மருமகனுக்குப் போன் அடிச்சு, அண்டைக்கே டொக்டரிட்டைப் போனம். அவர் பிள்ளையோடை வந்திருந்தார். எங்கடை ரெண்டு பேரின்ரை ஈரத் தலையும் விறகுப் புகை மணந்துது. எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு டொக்டர் அம்மா கேக்க, மருமகன் வாயைத் திறந்தார். நான் அவரின்ரை முழங்காலிலை கையை வைச்சு அமத்தினன். டொக்டரும் பொறுத்தா. பிறகு என்ரை மகள் நிலத்தைப் பாத்தபடி எல்லாத்தையும் சொன்னாள். மருமகன் அழுதார். இது வருத்தம், இதுக்கு மருந்திருக்கு, சொன்னது நல்லது, பிள்ளை உங்களோடைதான் இருக்கும், ஆனால் இப்போதைக்குத் தனிய இருக்கவேண்டாம், நாளைக்கே வீட்டை ஆக்கள் வருவினம் எண்டா டொக்டர்.

வீட்டை வந்தும் ஒண்டும் மாறேல்லை. படியடியிலை மருமகனிட்டை இருந்த பிள்ளையை வாங்கினாள், வாங்கின கையோடை என்னட்டை நீட்டினாள். "நீங்கள் கொண்டு போங்கோ."

வாங்கினன். முதல் படியிலை ஒரு காலை வைச்சு, திரும்பிப் பாத்தன். அவள் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிண்டாள்.

"என்னோடை வாறியோ?"

பிள்ளை என்ரை தோளிலை கிடந்து விக்கிச்சுது. நான் ஏறேல்லை. அவளின்ரை பதிலுக்குப் பொறுத்துக்கொண்டு நிண்டன்.