அத்தான் காலடியில் ஒரு பிரேக்

என் அக்கா வீட்டுக்காரரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அத்தானுக்குத் தொழில். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. "பதறாதீங்க, என் காலடியிலயும் ஒண்ணு இருக்கு" என்பார். ஒரு டீச்சரம்மா வண்டியை நேராகச் சுவரைப் பார்த்து விட்டபோது, ஒரு சாண் இருக்கையில் மிதித்து நிறுத்திவிட்டு, "சுவர் எங்கயும் போகாதும்மா, நாம கொஞ்சம் பின்னால போவோம்" என்றாராம். இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அக்காவின் குழந்தை குளியலறைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கிச் செத்தது. கதவைச் சாத்த மறந்துவிட்டு அவள் வாசலில் பேசிக்கொண்டிருந்தாள். அத்தான் வந்ததும் அவளை அடித்தே கொன்றுவிடுவார் என்று பயந்து, பக்கத்து வீட்டு ஆண்கள் தடுக்கத் தயாராக நின்றார்கள். அவர் பிள்ளையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"பரவாயில்லம்மா. போய் முகம் கழுவிட்டு வா."

இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று அங்கிருந்த பெண்கள் மாய்ந்துபோனார்கள். பரவாயில்லையாம்! பெற்ற பிள்ளை செத்துக் கிடக்கிறது, பரவாயில்லையாம்!

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. அக்கா என்னென்னவோ செய்து பார்த்தாள். சாப்பாட்டை வேண்டுமென்றே தீய விட்டாள். அவருடைய நல்ல சட்டையை இஸ்திரிப் பெட்டியால் கருக்கினாள். கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டாள். "பரவாயில்ல" என்று அவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வருவார்.

"ஒரே ஒரு தடவை, 'நீதான்டி கொன்ன'ன்னு சொல்லிட்டார்னா போதும்டி," என்றாள் என்னிடம். "வாய்விட்டு அழுது முடிச்சிட்டு நானும் மனுஷியா நடமாடுவேன். கேட்டும் பார்த்துட்டேன். எனக்குக் கோபமே வராதும்மாங்கறார்."

"சிலருக்கு வராதுதான்க்கா," என்றேன், வேறென்ன சொல்ல? அதை நம்பித்தான் அவள் காலத்தை ஓட்டினாள்.

போன மாதம் அத்தான் புதுக் கார் வாங்கினார். என்னை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். நான் பார்க்காமல் கதவைத் திறந்ததில், கேட்டில் உரசி நகத்தளவு பெயிண்ட் போயிற்று. அவ்வளவுதான்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? எருமை! ஒரு பொருளோட அருமை தெரியுமா உனக்கு?"

கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்கக் கத்தினார். தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் சும்மா விடுகிற ஆள் இல்லை, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அக்கா வாசற்படியில் நிற்பதைப் பார்த்தேன். பசித்தவள் சாப்பாட்டைப் பார்க்கிற மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்குக் கோபம் வருமா?" என்றாள்.

அக்கா இறங்கி வந்து, குனிந்து ஒரு ஜல்லிக்கல்லை எடுத்தாள். முன் விளக்கிலிருந்து பின் விளக்குவரை கறகறவென்று ஒரே கோடு. கல்லும் கையுமாக அவர் எதிரில் போய் நின்றாள்.

"திட்டுங்க. கும்பிட்டுக் கேக்கறேன், என்னையும் திட்டுங்க."

அத்தான் அந்தக் கோட்டை விரலால் தடவினார். கழுத்து நரம்பு மறுபடி புடைத்ததை நான் பார்த்தேன். அதை அவர் அடக்கியதையும் பார்த்தேன், பாவி. பிறகு, கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னார்.

"பரவாயில்லம்மா. போய் முகம் கழுவிட்டு வா."

அக்கா கல்லைக் கீழே போட்டாள். அந்த வீட்டில் முகம் கழுவ இருப்பது அந்த ஒரு குளியலறைதான். போனாள்.