ஆடி கழியட்டும் என்றிருந்தோம்

எங்கள் வீட்டில் பயணம் போவதைவிடப் பயணத்துக்குத் திட்டம் போடுவதுதான் பெரிய வேலை. நாங்கள் இருக்கும் எலப்புள்ளியில் கிளம்பினால் குமுளிக்கு மேலே நான் பிறந்த எஸ்டேட்டுக்கு ஒரு பகலில் போய்விடலாம். கேரளாவிலிருந்து கேரளாவுக்குத்தான் போகிறோம், ஆனாலும் நடுவில் தமிழ்நாட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோபாலபுரத்தில் நுழைந்து, பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் என்று ஓடி, குமுளி மலை ஏறி மறுபடியும் கேரளாவுக்குள் நுழைய வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் கஞ்சிக்கோட்டில் வேலைக்கு வந்த புதிதில் இதே வழியைத் தோளில் ஒரு பையோடு பஸ்ஸிலேயே கடந்திருக்கிறேன். இப்போது இரண்டரை வயதில் ஒரு மகளும், எந்த வயதிலும் புத்தி வராத இரண்டு நாய்களும் இருக்கின்றன.

நாய்களை விட்டுவிட்டுப் போகலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்வது சுலபம். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்காகப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனபோது, செவலை நாய் சோற்றைத் தொடாமல் கேட்டையே பார்த்துக் கிடந்ததாம். கருப்பு நாய் அதற்கும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து வீட்டுச் செருப்புகளையும் ஒரு கை பார்த்திருந்தது. என் மாமியாருக்கு நாய் என்றாலே ஆகாது. "நாய்களை மட்டும் என்ர தலையில கட்டிப்போட்டுப் போயிராதீங்க சாமி" என்று முன்கூட்டியே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

இந்தப் பயணம் எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்பதைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது லயத்தில். லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான வரிசை வீடு. நீளமாக ஒரே கூரை, நடுநடுவே சுவர். ஒரு குடும்பத்துக்கு முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரை வீடு. வேலையை விட்டால் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட வேண்டும். அப்பாவும் அம்மாவும் அந்த வீட்டிலிருந்துதான் வேலைக்குப் போனார்கள், அந்த வீட்டிலிருந்துதான் இறுதியாகவும் போனார்கள். அதன்பிறகு தேயிலை ஃபேக்டரியில் அண்ணனுக்கு வேலை இருந்ததால் வீடு எங்களிடம் இருந்தது.

ஆனியில் ஒரு நாள் அண்ணன் போனில் சொன்னான்: "இனி மலை வேண்டாம் தாயி. பிள்ளைக படிப்பையும் பாக்கணும்ல. கம்பத்துல மச்சான் கடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"அப்ப வீடு?" என்றேன். என் குரல் எனக்கே சின்னப் பிள்ளையின் குரல்போலக் கேட்டது.

"குடுக்கத்தான வேணும். ஆனா ஆடி கழியட்டும். ஆடியில யாரு வீடு மாறுவா, யாரு பால் காய்ச்சுவா? ஆவணி பொறந்துதான் சாவியக் குடுப்பேன். ஓணத்துக்கு மாப்ளைக்கு லீவு விடுவாங்கள்ல? பாப்பாவத் தூக்கிட்டு வந்து ஒரு ராத்திரி தங்கிட்டுப் போ."

ஒரு ராத்திரி. என் மகள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. வயிற்றில் இருந்தபோது மலை ஏறக் கூடாது என்றார்கள். பிறந்த பிறகு பச்சைப் பிள்ளைக்குக் குளிர் ஆகாது என்றார்கள். பிறகு தடுப்பூசி, பல் முளைக்கும் காய்ச்சல், கணவருக்கு ஷிப்ட் மாற்றம், வேனுக்கு கிளட்ச். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான், அதனால் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் காற்று வறண்டு வீசும் மத்தியானங்களில் அவளைத் தூங்க வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகரக் கூரை நினைவு வரும். மழை பெய்தால் அதன் அடியில் பேச்சுக் கேட்காது. ஒரே கம்பளிக்குள் அம்மாவோடு ஒட்டிக்கொண்டு கிடப்போம், பக்கத்து வீட்டில் இருமினால் எங்கள் வீட்டில் முழிப்பார்கள். இதைப் பிள்ளையிடம் எப்படி வாயால் சொல்வது? அவள் அங்கே ஒரு ராத்திரி படுத்து எழுந்தால் போதும், பெரியவளானதும் மறந்துபோனாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

மாமியாரும் அண்ணன் கட்சிதான். "ஆடியில கொழந்தையத் தூக்கிட்டு அத்தனை தூரம் போறதாவது! மேல மழை வேற பிச்சுக்கிட்டு ஊத்துது. ஆவணி பொறக்கட்டும் கண்ணு, நானே வழியனுப்பி உடறேன்" என்றார். எங்கள் கம்பத்துப் பக்கத்துக்காரர்களும் மாமியார் வீட்டுக் கொங்கு நாட்டுக்காரர்களும் ஒத்துப்போகும் விஷயங்கள் ரொம்பக் குறைவு. ஆடி அதில் ஒன்று.

ஆக, ஆடி முழுவதும் எங்களுக்குத் திட்டம் போட வாய்த்தது. கணவர் இந்த மாதிரி விஷயங்களில் பெரிய தளபதி. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வேனின் படத்தை விரலால் வரைவார். "ரெண்டு நாயும் கடைசி சீட்டுல. நீயும் பாப்பாவும் நடுவுல. பழனி தாண்டறப்ப பாப்பா தூங்கோணும். தேனியில எந்திரிச்சா சோறு ஊட்டிப்போடலாம்."

"அவ பழனியிலதான் தூங்குவான்னு உங்ககிட்ட எழுதிக் குடுத்தாளாக்கும்?" என்றேன்.

"நீ எல்லாத்துக்கும் இப்படித்தான் புள்ள" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருக்கும் வேலந்தாவளம் வரை ஒத்திகை போனோம். செவலை நாய் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி ராஜா மாதிரி வந்தது. கருப்பு நாய் முதல் வளைவிலேயே வாந்தி எடுத்தது. மகள் பின் சீட்டில் நாய்களோடுதான் உட்காருவேன் என்று வேலந்தாவளம் போகும் வரையும் அழுதாள், திரும்பும் வரையும் அழுதாள். வீடு வந்ததும் கணவர் வேனைக் கழுவினார். அன்றைக்கே, இது வேண்டாம், நீ மட்டும் பஸ்ஸில் போய்விட்டு வா என்று சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. சாயங்காலம் கால்நடை மருந்துக்கடையிலிருந்து நாய்க்கு வாந்தி மாத்திரை வாங்கி வந்து, "கெளம்பறதுக்கு முன்னால குடுக்கோணுமாமா" என்று அலமாரியில் வைத்தார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது.

ஆடிப் பெருக்கு கழிந்த வாரத்தில் அண்ணனின் போன்கள் குறைந்தன. நான் கூப்பிட்டால் கடையில் இருக்கிறேன் என்பான். அதற்குள்ளாகவே கம்பத்துக்கும் மலைக்கும் அலைய ஆரம்பித்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஓண லீவுக்குக் கிளம்புவதாகச் சொன்னபோது, "நேரே மேல ஏறிறாத. கம்பத்துல நிறுத்து, நானும் வர்றேன்" என்றான்.

கிளம்பிய அன்று எங்கள் தளபதியின் திட்டத்தில் ஒன்றுகூட நடக்கவில்லை. மகள் பழனியில் தூங்கவில்லை, தேனியிலும் தூங்கவில்லை. நாய்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, போகிற மாடு, வருகிற லாரி எல்லாவற்றையும் அவற்றுக்குக் காட்டிக்கொண்டு வந்தாள். நாய்கள் தூங்கின. மாத்திரை வேலை செய்தது. எனக்கோ மேற்கே மலை தெரிய ஆரம்பித்ததிலிருந்து உட்கார முடியவில்லை.

கம்பத்தில் அண்ணன் ரோட்டுக்கே வந்து நின்று எங்களை ஒரு சந்துக்குள் கூட்டிப்போனான். மச்சான் வீடு என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினேன். உள்ளே சுவரோரமாக எங்கள் ரோஸ் பெயிண்ட் அலமாரி நின்றது. கதவில் நான் எட்டாவது படிக்கும்போது ஒட்டிய பூப்படம் பாதி கிழிந்தபடி இருந்தது. பக்கத்தில் அம்மாவின் அண்டா. அண்ணி தண்ணீர் சொம்போடு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்ப குடுத்த?" என்றேன்.

"ஆடியிலேயே" என்றான் அண்ணன். "ஆபீஸுல கூப்பிட்டு, புதுசா ஆளு வந்திருக்கு, வீடு வேணும்னாங்க. ஆடி கழியட்டும் சார், யாரும் குடி வரமாட்டாங்கன்னேன். அதுக்கு மேனேஜரு, அவங்க ஜார்க்கண்டு ஆளுங்கப்பா, அவங்களுக்கு ஏது ஆடின்னாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அந்த மழையில பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறி வந்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்னய?"

வந்திருப்பேன்தான். எனக்கு அவன்மேல் வந்த கோபம் போக இடமில்லாமல் நின்றது. மலையில் எங்கள் ஆட்கள் குறைந்து, ஜார்க்கண்ட், அசாம் என்று ஆட்கள் வர ஆரம்பித்து வருஷங்கள் ஆகின்றன. அது எங்களுக்குத் தெரியாததா? கொழுந்து எடுப்பது அவர்கள், மருந்து அடிப்பது அவர்கள் என்று நாங்களே பேசியிருக்கிறோம். ஆனாலும் ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்று அண்ணனும் நானும் மாமியாரும் சேர்ந்து ஒரு சந்தேகம்கூட இல்லாமல் நம்பினோம். உலகத்துக்கே ஒரே காலண்டர் என்பது போல ஒரு மாதம் முழுக்க நாய்க்கு சீட் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பரவால்லீங்க, இங்கயே தங்கிக்கலாம்" என்றார் கணவர் அண்ணனிடம். பிறகு என்னைப் பார்த்தார். "நீ வேன்ல ஏறு. போய்ப் பாத்துப்போட்டு இருட்டறதுக்குள்ள எறங்கிரலாம்."

குமுளியைத் தாண்டியபோது ஏலக்காய்க் கடைகளின் வாசம் வேனுக்குள் வந்தது. அதன்பிறகு தேயிலை. மழை விட்டு நல்ல வெயில். லயத்துக்குக் கீழே வேனை நிறுத்தியதும் எஸ்டேட் நாய்கள் ஒரு கூட்டமாக வந்து நின்றன. எங்கள் வீரர்கள் இரண்டு பேரும் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொண்டார்கள். கணவர் அவர்களுக்குக் காவலாக இருந்துவிட்டார். நானும் அண்ணனும் மகளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினோம்.

எங்கள் வீட்டு வாசலில் ஓர் இளம்பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனை அடையாளம் தெரிந்து எழுந்தாள். அண்ணன் என்னைக் காட்டி, "தங்கச்சி. இங்க பொறந்தது" என்று தரையைக் காட்டினான். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, என் கையைப் பிடித்து, "வா அக்கா, வா, உள்ள வா" என்றாள். மலைக்கு வந்து கொஞ்ச காலத்துக்குள் அவள் கற்றுக்கொண்ட தமிழ் அது. எங்கள் வீட்டுக்குள் என்னை வரச் சொல்கிறாளே என்று ஒரு நொடி நெஞ்சு எரிந்தது. அவள் கை அவ்வளவு சொரசொரப்பாக, கொழுந்து கிள்ளும் கையாக இருந்தது. அந்தக் கையை உதற எனக்கு என்ன உரிமை?

உள்ளே எல்லாம் இடம் மாறியிருந்தது. அலமாரி நின்ற இடத்தில் மூட்டைகள். அடுப்படிச் சுவருக்கு நீலம் அடித்திருந்தார்கள். ஒரு மூலையில் பாயில் அவளுடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, என் மகளைவிடச் சின்னது. நான் நின்றுகொண்டே பார்த்தேன். எங்கே என்ன இருந்தது என்று மகளுக்குச் சொல்ல நினைத்துக் குனிந்தால், அவள் என் தோளில் தலை சாய்ந்து கண் சொருகிவிட்டிருந்தாள். வழி நெடுகத் தூங்காதவள்.

அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் குழந்தையை நகர்த்தி, பாயில் இடம் பண்ணி, தட்டிக் காட்டினாள். படுக்க வைத்தேன். பாலில்லாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து குடித்தான். நான் பாயின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். என் மகள் அந்த வீட்டில் தூங்கினாள். ராத்திரி இல்லை, மழை இல்லை, என் கம்பளி இல்லை. ஆனால் தூங்கினாள், வாய் லேசாகத் திறந்து, அந்தப் பிள்ளையின் காலில் கால் பட. இப்படியே நேரம் நின்றுவிடாதா என்று வெட்கமில்லாமல் வேண்டிக்கொண்டேன்.

கீழேயிருந்து வேன் ஹாரன் ஒருமுறை மெதுவாகக் கேட்டது. கணவர் அவசரப்படுத்துகிற ஆள் இல்லை, மலை இறங்க வேண்டுமே என்ற கவலை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினேன். ஆனால் அதற்குள் மகள் புரண்டு கண் விழித்துவிட்டாள். முதலில் கூரையைப் பார்த்தாள். பிறகு நீலச் சுவரை, மூட்டைகளை, பக்கத்தில் கிடந்த பிள்ளையை. உதடு பிதுங்கியது. எழுந்து வந்து என் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

வீட்டை ஊடு என்றுதான் சொல்வாள், அவள் அப்பாவின் பேச்சு அது. இதுதான் கண்ணு வீடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் எங்கள் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். மகள் என் முகத்தைத் திருப்பி, எனக்குக் காது கேட்கவில்லை என்பதுபோல, இன்னொரு தரம் சொன்னாள்.

"போலாம் கண்ணு, நம்ம ஊட்டுக்குப் போலாம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டேன். நான் பிறந்த வீட்டுக்குள் நின்று கடைசியாக நான் பேசியது அதுதான்.