தூங்குகிறவளுக்குப் போட்ட அரிசி

கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். இது மன்னார்குடியில், 2006 ஐப்பசியில், என் வீட்டில் நடந்தது.

ஒசாகாவில் ஏழு வருஷம் வேலை பார்த்தேன். மற்றவர்கள் டிவியும் கேமராவும் வாங்கி வந்தார்கள். நான் படம் வாங்கி வந்தேன். எல்லாம் ஒரே ஓவியருடையவை, இன்றும் வரைகிறவர். ஒவ்வொரு படத்திலும் நாற்பது பிரதிதான் அச்சடிப்பார். ஓரத்தில் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்திடுவார். அப்புறம் அச்சுக்கட்டையை உடைத்துவிடுவார். அவர் படம் எங்கே கிடைக்கும் என்று அலைவதே எனக்குப் பிழைப்பாகப் போயிற்று.

கடைசியாக வாங்கியது ஒரு பழைய படத்தின் 17ஆம் பிரதி. தரைப்பாயில் ஒரு கிழவி தூங்குகிறாள். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலைமாட்டில் விளக்கு. வாய் இறுக மூடியிருக்கும். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன்.

மறுநாள் சட்டத்தின் விளிம்பில் அரிசி கிடந்தது.

"என்னம்மா இது?"

"யாரு வீட்டு ஆத்தாளோ, நாதியத்துக் கெடக்குறா. வாய்க்கரிசி போட்டேன்பா."

"அவ தூங்குறாம்மா."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. இரட்டை மூக்குத்தியைத் தடவியபடி வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. புளித்த கஞ்சி நாற்றம். படத்துக்குக் கீழே தரையில் வெள்ளையாக ஏதோ இருந்தது. பல்லி எச்சம் என்று விரலால் வழித்தேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. மென்று துப்பிய அரிசி... எச்சில் நூலாக இழுத்தது. சீ! எத்தனை சோப்புப் போட்டும் அந்த விரலைச் சோற்றில் வைக்க முடியவில்லை.

துடைத்தேன். மறுநாளும் இருந்தது.

அம்மா சாப்பாட்டை நிறுத்தினாள். கேட்டால், "வயிறு நெறஞ்சிருக்குப்பா" என்பாள். கன்னம் ஒட்டிக்கொண்டே போனது. டாக்டர் ஒன்றுமில்லை என்றார். படத்தைக் கழற்றிப் பரணில் போட்டேன். படமாவது மண்ணாவது, அம்மா பிழைத்தால் போதும்.

அன்று அடைமழை. பிற்பகல் மூன்று மணி. கரண்ட் இல்லை.

நறுக்... நறுக்...

பரணில் எலியா? டார்ச்சோடு ஏறினேன். படத்தின் கண்ணாடியில், உட்பக்கம் ஆவி படிந்திருந்தது.

கிழவியின் வாய் திறந்திருந்தது.

நறுக்... நறுக்...

சத்தம் அங்கிருந்து வரவில்லை. அம்மாவின் அறையிலிருந்து வந்தது.

அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். தாடை மட்டும் அசைந்தது.

"அம்மா..."

கண் திறக்கவில்லை. கடைவாயில் வெள்ளைக் கூழ் வழிந்தது.

அதே நாற்றம்.

விடிவதற்குள் போய்விட்டாள். சுடுகாட்டில் வாய்க்கட்டை அவிழ்த்தார்கள். நான் போட்ட அரிசி உருண்டு கீழே விழுந்தது. உள்ளே போக இடமில்லை. வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

காரியம் முடிந்ததும் அந்தப் படத்தைப் பாமணி ஆற்றில் எறிந்தேன். மற்றவற்றையும் விற்றுத் தொலைக்க நினைத்து, இதே ஓவியரின் படங்களைச் சேர்க்கும் ஒசாகா நண்பருக்கு எல்லாப் போட்டோக்களையும் மெயிலில் அனுப்பினேன். வாங்கிய அன்று எடுத்த கிழவியின் போட்டோவும் அதில் சேர்ந்துபோயிற்று.

பதில் வந்தது.

"உன் 17இல் ஏன் ஒருத்தி மட்டும் இருக்கிறாள்? மற்ற பிரதிகளில் இரண்டு பேர் ஆயிற்றே. எட்டு வருஷமாக என் வீட்டுச் சுவரில் இருக்கிறது, பார்."

அவருடைய 18ஆம் பிரதியின் போட்டோ. அதே பாய். அதே விளக்கு. கிழவியின் வாய் மூடியிருந்தது.

பக்கத்தில் இன்னொருத்தி படுத்திருந்தாள். இரட்டை மூக்குத்தி.

அவள் வாய் திறந்திருந்தது.