துரைமார் நடுவே பெரியப்பா

தேங்காய் நாரை உருட்டி, வாளித் தண்ணீரில் முக்கி, பெரியப்பா வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அவரை நினைத்தால் முதலில் கண்ணுக்கு வருவது அதுதான். பீர்மேட்டு மழையில் எந்தக் கல்லும் பாசி ஏறாமல் தப்பாது. இன்று தேய்த்தால் அடுத்த மாதம் மறுபடி பச்சை. அவர் பேசிக்கொண்டே தேய்ப்பார். "கொஞ்சம் பொறுங்க தொரை, முதுகுப் பக்கந்தான் பாக்கி" என்பார். உயிரோடிருந்த துரைக்கு முன்னால் தலைத்துண்டை அவிழ்த்து நின்ற வம்சம் எங்களுடையது. செத்த துரையிடம் வாய் கொஞ்சம் நீண்டால்தான் என்ன?

தேயிலைத் தோட்டம் போட வந்தவர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வேதக்கோயில் அது. கருங்கல் சுவர், கூர்மையான ஜன்னல்கள், சுற்றிலும் அவர்களுடைய கல்லறைகள். அவர்கள் கப்பலேறிப் போன பிறகு, திருநெல்வேலியிலிருந்து கொழுந்து பறிக்க வந்த எங்கள் சபையின் கைக்கு வந்தது. பெரியப்பா அதற்குக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பெருக்குவது, விளக்கேற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. தோட்ட வேலை முடிந்து லயத்து வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டு நேரே குன்றேறிவிடுவார். ஞாயிறும் அவருக்கு ஓய்வு கிடையாது. களைத்துப்போன மனிதர் என்றுதான் நான் அவரை எப்போதும் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கல்லறைகளின் நடுவே எங்கள் ஆட்களுக்கு இடம் கிடையாது. எங்களுக்குத் தேயிலைச் சரிவின் ஓரம். அங்கே கல் வைக்கத் தோட்டத்தில் விடமாட்டார்கள். தேயிலைக்கு நிழலுக்காக வளர்க்கிற முள்முருங்கையில் ஒரு பச்சைக் கொம்பை வெட்டி, குறுக்கே ஒரு குச்சியைக் கட்டிச் சிலுவையாக நட்டுவிட்டு வருவார்கள். முள்முருங்கை சும்மா இருக்குமா? ஒரு மழை பெய்தால் துளிர்விடும். சில வருஷத்தில் சிலுவை மரமாகி, மற்ற நிழல் மரங்களோடு கலந்துவிடும். எது கல்லறை, எது வெறும் மரம் என்பது அந்தந்த வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

பெரியம்மா காய்ச்சலில் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நட்ட சிலுவையும் மரமாயிற்று. ஆராதனை முடிந்ததும் பீடத்துப் பூவில் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு பெரியப்பா சரிவில் இறங்குவார். நிழல் மரங்களைக் கவாத்து வெட்டும் பருவம் வந்தால் கங்காணியிடம் போய், "அந்த ஒண்ண மட்டும் விட்டுருங்க" என்று கெஞ்சுவார். கங்காணியும் எங்கள் ஊர்க்காரர்தான், விட்டுவிடுவார். "ஏட்டி, எனக்கு வேற ஆசை ஒண்ணும் கெடையாது. அவ பக்கத்துல என்னையும் படுக்க வச்சிரு" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போது அது ஒரு பெரிய காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை.

பிறகு தோட்டம் பூட்டிக் கிடந்தது. வேறு யாரோ வாங்கினார்கள். மரங்களை வெட்டித் தடியாக விற்றுவிட்டு, சரிவைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு, இரும்புக் கேட் வைத்தார்கள். பெரியம்மாவின் மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டைதான் மிச்சம். பெரியப்பா வேலிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு வருவார். பூவைக் கம்பியில் செருகிவிடுவார்.

அந்த நாட்களில்தான் சபைக் கமிட்டி அவருக்கு ஒரு மரியாதை செய்ய முடிவு செய்தது. இத்தனை காலம் ஊழியம் செய்தவருக்குத் துரைமாரின் கல்லறைத் தோட்டத்திலேயே இடம், தமிழர்களில் முதல் ஆள். போதகர் வீடு தேடி வந்து சொன்னார். பெரியப்பா கைகூப்பினார். "வேண்டாம் ஐயா. அவ அங்கன தனியா கெடக்கா" என்றார். கமிட்டிக்காரர்களுக்குக் கோபம். "தேடிவர்ற மரியாதைய யாராச்சும் வேண்டாம்பாங்களா?" என்று என்னிடம் வந்து சண்டை போட்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்த மரியாதையில் ஒரு ஆசை இருந்தது.

அடைமழையில் பெரியப்பா போய்ச் சேர்ந்தார். பெரியம்மா பக்கத்தில் குழி வெட்ட விடச் சொல்லிக் கேட்க, நானும் தம்பியும் நனைந்துகொண்டே இரும்புக் கேட்டுக்குப் போனோம். அங்கிருந்த மேஸ்திரி நல்ல மனிதர்தான், மலையாளத்தில் மெதுவாகவே சொன்னார்: "முதலாளி சம்மதிக்கில்லா மோளே." போனில் முதலாளியைக் கேட்டுப் பார்க்கவும் செய்தார். கிடைத்த பதில் அதேதான். செத்தவரை எத்தனை நேரம் வைத்திருப்பது? குன்றின் மேல் குழி தயாராக இருந்தது. இரண்டு துரைமாருக்கு நடுவே அவரை இறக்கினோம். போதகர் அழகாக ஜெபித்தார். எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

கமிட்டி கல் வைத்தது. அதில் பெரியம்மா பெயரையும் வெட்டவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். போதகர் தயங்கினார். "அவங்க இங்க இல்லையேம்மா, எப்படிப் போட?"

"உள்ள சுவத்துல ஒரு தொரைக்குப் பித்தளைப் பலகை வச்சிருக்கே ஐயா, கப்பல்ல போகையில கடல்ல செத்தாருன்னு. அவரு மட்டும் இங்கனயா இருக்காரு?"

போதகர் சிரித்துவிட்டார். பெயரை வெட்டினார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் உறைத்தது, பெரியப்பா கேட்டது கல்லில் பெயர் இல்லையே என்று.

இப்போது அந்தக் கோயிலுக்கு ஜீப் ஜீப்பாக ஆட்கள் வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியாகப் போட்டோ எடுத்துக்கொள்ள ஏற்ற இடமாம். போன வாரம் பாசி தேய்க்கப் போயிருந்தேன். அந்த வேலை இப்போது எனக்கு வந்திருக்கிறது, முட்டி வலியோடு. ஒரு கைடு ஜோடி ஒன்றை அழைத்துவந்து பெரியப்பாவின் கல்லைக் காட்டினார். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாக இங்கே தூங்குகிறார்கள் என்றார். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து, "அய்யோ, எவ்வளவு கொடுத்து வச்சவங்க" என்றாள்.

நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் அந்தச் சரிவு நன்றாகவே தெரியும். ஏலச்செடி நட்டிருக்கிறார்கள். பெரியம்மா இன்னும் அங்கே தனியாகத்தான் கிடக்கிறாள்.