ஒற்றைக் கையால் ஆடும் கோலி

ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டின் படிகள் செங்குத்தாக இருக்கும். வாடகைக்குப் பிடித்தபோது அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. மில்லுக்கு நடந்தே போய்விடலாம், காற்று நன்றாக வரும், இரண்டு பேருக்கு ஒரு ஹாலும் ஓர் அறையும் தாராளம் என்றுதான் நினைத்தோம். குடிவந்த கொஞ்ச நாளிலேயே ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் சொன்னார்.

"நஞ்சுக்கொடி கீழ எறங்கிப் புள்ள வர்ற வழியை மறிச்சுக்கிட்டு இருக்கும்மா. இனிமே படி ஏறக் கூடாது, எறங்கக் கூடாது. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தே இருக்கணும். ஒரு பொட்டு ரத்தம் பட்டாலும் யோசிக்காம வந்துரணும்."

படி ஏறக் கூடாது என்று சொன்ன அன்றைக்கே படி ஏறித்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு படியிலும் அவள் நின்றாள். நான் பின்னால், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, அவள் விழுந்தால் பிடித்துவிடலாம் என்பதுபோல ஏறினேன். மேலே போய்க் கட்டிலில் படுத்தவள் அதற்குப் பிறகு கீழே இறங்கவில்லை.

அதற்கு முன்னால் இரண்டு தடவை எங்களுக்குக் கரு தங்கவில்லை. அதனால் இந்த முறை அவளுடைய அக்காவைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து சமைத்துக் கொடுத்து, துணி துவைத்து, மதியம் கிளம்புவார். நான் மில்லில் எலெக்ட்ரீஷியன். முதல் ஷிப்ட் முடிந்து அக்கா கிளம்புகிற நேரத்துக்கு வந்துவிடுவேன். கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டிருந்தோம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

டிவியில் ஏதோ ஒரு சீரியலில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் உருண்டாள். அன்றோடு டிவியை அணைத்துவிட்டாள். போனில் தன் நிலைமையைப் பற்றித் தேடித் தேடிப் படித்து ஒரு நாள் அக்கா வைத்த சோற்றைத் தொடாமலே கிடந்தாள். "இதை எங்கயாவது தூரமா வச்சிருங்க. கையில இருந்தா பாத்துக்கிட்டேதான் இருப்பேன்" என்று அவளே கொடுத்தாள். அடுப்படி அலமாரியில் வைத்தேன்.

அப்புறம் ஹாலில் பேச்சே இல்லாமல் போனது. பேசினால் அதைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று இரண்டு பேருக்கும் பயம். ஒரு சாயங்காலம், எதிர்த் தறிக்கூடம் ஓய்ந்த பிறகு, தெருவில் பையன்கள் கோலி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் திடீரென்று, "ஒருத்தன் வெரலை ரொம்ப வளைக்கான். குண்டு தரையில மோதி மோதிப் போவுது" என்றாள்.

"படுத்துக்கிட்டே எப்படித் தெரியும்?"

"சத்தத்துலயே தெரியுதே. எங்க தெருவுல என்னைய ஜெயிக்க ஆள் கிடையாது."

மறுநாள் கடையில் கோலிக்குண்டுகள் வாங்கினேன். ஒரு கேரம் போர்டை இரவல் வாங்கிக் கட்டிலில் வைத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. ஒருக்களித்துப் படுத்திருப்பவளுக்கு வலது கை மட்டும்தான் விடுதலை. கோலியை வழக்கம்போல ஒரு கையில் பிடித்து மறு கை விரலால் இழுத்து அடிக்க முடியாது. அடித்த குண்டு எதிர் மூலைக்குப் போய்விட்டால் எட்டி எடுக்கவும் முடியாது. தரையில் விழுந்தால் நான் தவழ வேண்டும்.

அப்போதுதான் ஓர் ஆட்டத்தையே புதிதாக உண்டாக்கினால் என்ன என்று தோன்றியது. மில்லில் கழித்துப் போட்ட பிளைவுட் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். கட்டிலோடு ஒட்டிப் போட்ட சின்ன மேஜையில் அதை வைத்து, தூரத்து முனைக்கு அடியில் கட்டை கொடுத்து உயர்த்தினேன். அடித்த குண்டு மேட்டில் ஏறி, தவறினால் தானாக உருண்டு அவள் கைக்கே திரும்பிவிடும். வயர் ஓட்டும் பிளாஸ்டிக் பட்டையைக் கீழ் ஓரத்தில் ஒட்டி, திரும்பி வரும் குண்டுகள் அதில் வந்து நிற்கும்படி செய்தேன். பிளாஸ்டிக் குழாயைத் துண்டு துண்டாக அறுத்து, பாதியாகப் பிளந்து கவிழ்த்தேன். அவைதாம் வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்குப் பின்னாலும் குண்டு உட்காருகிற மாதிரி ஒரு பள்ளம். அவள் கைக்குப் பக்கத்தில் இருந்த வளைவு அகலம், அதற்கு ஒரு புள்ளி. உச்சியில் இருந்தது குண்டு நுழைகிற அளவுதான், அதற்கு ஐந்து.

விரலுக்குச் சிரமம் வேண்டாமே என்று ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி மாதிரி ஒன்றும் செய்தேன். அவள் அதில் இரண்டு தடவை அடித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல மெஷின்தான் வெளையாடுது. நான் எங்க வெளையாடுறேன்?"

கட்டை விரலால் சுண்டியே அடித்தாள். முதலில் பாதி மேடுகூட ஏறவில்லை. கட்டையைச் சீவிச் சரிவைக் குறைத்தேன். அவள் ஒரு சட்டம் போட்டாள்: நானும் ஒற்றைக் கையால்தான் அடிக்க வேண்டும், அதுவும் இடது கையால். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிற எதிராளியின் குண்டை அடித்துக் கிளப்பினால் அந்தப் புள்ளி போய்விடும் என்பதும் அவள் சட்டம்தான். அந்தச் சட்டம் வந்த பிறகு ஆட்டத்தில் ரோஷம் ஏறியது. நான் கஷ்டப்பட்டு உச்சிப் பள்ளத்தில் உட்கார வைத்த குண்டை அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரே சுண்டில் தட்டிக் கிளப்புவாள். கிளப்பிவிட்டுச் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் நான் அவள் வயிற்றைத்தான் பார்ப்பேன்.

"சிரிக்காத. குலுங்குது."

"அப்ப தோக்காதீக."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆடுவேன். உதட்டை ஒரு மாதிரி மடித்தால் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன். "ஒண்ணுமில்ல, புள்ள ஒதைக்குது, நீங்க அடிங்க" என்பாள். அதற்குப் பிறகு நான் அடிக்கிற குண்டு எங்கேயும் போய்ச் சேராது.

கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம், பிள்ளைகள் வெளியூரில். மதியம் கண்ணயர்கிறவர். பலகையிலிருந்து தவறுகிற குண்டு தரையில் விழுந்து டக், டக், டக் என்று துள்ளிச் சுவர் வரைக்கும் போகும். ஒரு நாள் மேலே ஏறி வந்து வாசலிலேயே நின்றார். என் மனைவி போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"என்ன தம்பி, மேல அம்மி உருட்டுறீகளா? தலைமாட்டுல கல்லு விழுந்த மாதிரி இருக்கு."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கட்டிலையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "நாளு பூரா படுத்துக்கிட்டுக் கோலி வெளையாடுற பொம்பளைய இப்பத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு கொண்டுவந்து, பேண்டேஜ் துணியில் சுற்றிப் பலகையின் ஓரங்களில் வைத்துத் தைத்தேன். கட்டிலைச் சுற்றிப் பாயும் பழைய ஜமுக்காளமும் விரித்தேன். சத்தம் அடங்கியது. ஆனாலும் அவருக்கு மனம் ஆறவில்லை. இன்னொரு நாள் என்னைப் படியில் மறித்து, அடுத்த மாதம் வேறு வீடு பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்.

"சொல்லிருவோமே" என்று என் மனைவியிடம் கெஞ்சினேன். "விஷயம் தெரிஞ்சா அவிய ஒண்ணும் சொல்ல மாட்டாக."

"வேண்டாம்."

"ஒன்னைய எப்படிக் கீழ எறக்கி, எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவை எல்லார்ட்டயும் சொல்லிட்டு, பொறவு ஒவ்வொருத்தருக்கா இல்லன்னு சொன்னோமே, அது போதும். இன்னொரு ஆளுக்குச் சொல்ல என்னால ஏலாது."

நான் கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் இன்னும் கொஞ்ச நாள் தவணை கேட்டேன். ஆறாம் மாதம் போய் ஏழும் கழிந்தது. டாக்டரம்மா போனில் கேட்டு, "இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிச்சா போதும்" என்றார்.

பிறகு ஒரு நாள் காலையிலேயே அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்ததால் அவர் சமையலை முடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் நான் வந்துவிடுவேன் என்ற தைரியம். மில்லில் ஷிப்ட் முடிகிற சமயத்தில் ஒரு பேனல் கருகிப் போய் ஒரு பகுதி மிஷின் முழுவதும் நின்றுவிட்டது. நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். போன் வெளியே லாக்கரில்.

வாட்ச்மேன் ஓடி வந்தார். "ஒங்க வீட்டுக்கு எதிர்த்தாப்ல தறி ஓட்டுற ஆளாம், கேட்டுல நிக்கான். ஒங்களைக் கையோட கூட்டிட்டுப் போகணும்ங்கான்."

கேட்டில் நின்றவனை எனக்கு முகம் மட்டும் தெரியும். அவன் சட்டைக் கையில் ரத்தம் இருந்தது. அது அவனுடையது இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக அண்ணே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. வீட்டுக்காரம்மா கூடப் போயிருக்காக. ஏறுங்க."

பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்தேன். பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி ஒன்று வழி முழுக்க எங்களுக்கு முன்னால் அசைந்து அசைந்து போனது. முந்த முடியவில்லை. எதிரே பஸ்ஸும் வேனும் விடாமல் வந்துகொண்டிருந்தன. அவன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான்; காற்றில் ஒன்றும் காதில் விழவில்லை. "நாற்காலி" என்ற சொல் மட்டும் கேட்டது. கோபுரம் கண்ணில் பட்டதும் என்னை அறியாமல் அவன் தோளை இறுக்கிப் பிடித்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி நடையில் வீட்டுக்காரம்மா சுவரோரமாக நின்றிருந்தார். சேலையில் முழங்கால் அளவுக்குக் கறை. என்னைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வந்தார்.

"உள்ள கொண்டு போயிட்டாக. ஆப்பரேஷன். நெனவாத்தான் இருந்தா, பேசிக்கிட்டேதான் வந்தா." பிறகு குரல் உடைந்தது. "ஏன் தம்பி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதா?"

என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தபோது அவராகவே சொன்னார்.

"தூங்கிக்கிட்டு இருந்தேன். டக்குன்னு ஒண்ணு விழுந்துச்சு. அடங்கிரும்னு பாத்தேன். திரும்ப ஒண்ணு. பொறவு மழை மாதிரி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. இன்னிக்கே வீட்டைப் பூட்டிருவேன்னு சொல்லணும்னுதான் ஏறினேன். திட்டிக்கிட்டேதான் கதவைத் தொறந்தேன்." கைகளைச் சேலையில் துடைத்தார். கறை காய்ந்து போயிருந்ததால் ஒன்றும் துடைபடவில்லை.

தெருவுக்கு ஓடி எதிர்த் தறிக்கூடத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டதும், பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்கார வைத்து அந்தப் படிகளில் சாயாமல் இறக்கியதும், தெருமுனையில் நின்ற சரக்கு வண்டியில் துணிப் பொதிகளை இறக்கிப் போட்டுவிட்டு அவளைப் படுக்க வைத்ததும் அவர் சொல்லித்தான் நடந்திருக்கிறது. வழி முழுக்க அவள் தலையை மடியில் வைத்திருந்தாராம்.

அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். வீட்டுக்காரம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அக்கா காய்ச்சல் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே ஓடி வந்தார். கடைசியாக ஒரு நர்ஸ் வந்து, "பொம்பளப் புள்ள. ரொம்பச் சின்னது. கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்கோம். அம்மாவுக்கு ரத்தம் ஏறுது, பயமில்ல" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போனாள். வீட்டுக்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள்தான் என் மனைவியிடம் பேச முடிந்தது. ஈரம் பட்டதும் தெரிந்துவிட்டதாம். போன் அடுப்படியில். எழுந்தால் இன்னும் கொட்டும் என்று பயம். கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். தறிச் சத்தத்தில் தெருவுக்குக் கேட்கவில்லை.

"குண்டுதான் கைக்கிட்ட இருந்துச்சு. மொத ரெண்டு பாய்லயே விழுந்துருச்சு. சத்தமே வரல. பொறவு பாயைத் தாண்டி, அடுப்படி வாசல்ல வெறுந்தரை தெரியுதுல்ல, அங்க பாத்து எறிஞ்சேன்."

"அவிய வருவாகன்னு நம்புனியா?"

"உதவிக்கு வருவாகன்னு நெனைக்கல. திட்டவாவது வருவாகல்ல?"

இதைச் சொல்லும்போதும் அவள் அழவில்லை. குழந்தையை இன்னும் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை. நான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து, எப்படி இருக்கிறாள் என்று அவள் கேட்டபோது, நன்றாக இருக்கிறாள் என்றேன். மூக்கில் குழாய் செருகியிருந்ததையும், விலா எலும்புகள் ஏறி இறங்கியதையும் சொல்லவில்லை. "ரெண்டு தடவை கேட்டுட்டேன், ரெண்டு தடவையும் அதே வார்த்தைய சொல்றீக" என்றாள்.

அவள் எழுந்து நடமாடத் தொடங்கியும் குழந்தை பெட்டியை விட்டு வரவில்லை. பாலைப் பீய்ச்சிக் கொடுத்தனுப்புவாள். அவர்கள் குழாய் வழியாக விடுவார்கள். ஒரு நாள் எடை கூடியது என்பார்கள், மறுநாள் குறைந்தது என்பார்கள். மூச்சு ஒரு தடவை நின்று தட்டி எழுப்பினோம் என்றும் ஒரு நாள் சொன்னார்கள். வீட்டுக்காரம்மா நாள் தவறாமல் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவந்தார். வீடு மாறுவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு முற்பகலில் நர்ஸ் எங்களை உள்ளே கூப்பிட்டாள். மூக்குக் குழாயை எடுத்திருந்தார்கள். "இன்னிக்கு நேராக் குடிக்காளான்னு பாப்போம். குடிக்கலன்னா மறுபடியும் குழாய்தான்" என்று சொல்லி, குழந்தையை அவள் நெஞ்சில் கிடத்தினாள். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய முதுகு. வாய் திறந்தது, மூடியது. தலை நழுவியது. நர்ஸ் திரும்ப எடுத்து வைத்தாள். மறுபடியும் நழுவியது. நர்ஸ் இன்னொரு தடவை எடுத்து வைத்தாள். என் மனைவி மூச்சுவிடக்கூட அசையவில்லை.

நான் என்னமோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணை அகற்றாமலே கையை உயர்த்தி என்னைத் தடுத்தாள். அவள் கன்னங்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"பேசாதீக," என்றாள் மெதுவாக. "குடிச்சுக்கிட்டு இருக்கா."