இன்னாசிராஜ் தேடிய டர்போ சுவிட்ச்

எங்கள் டாக்டரம்மா சந்திரலேகா புதுக் கார் வாங்கியதிலிருந்து டிரைவர் இன்னாசிராஜ் அண்ணனுக்குத் தூக்கம் போனது. டாக்டரம்மாவுக்குக் கடலூரில் கிளினிக். செவ்வாய், வெள்ளி சிதம்பரத்திலும் பார்க்கிறார். டோக்கன் போடுகிற நானும் கூடவே போவேன். அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும்.

அண்ணன் முன்பு துறைமுகத்தில் மீன் வண்டி ஓட்டியவர். ஐஸ் உருகுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்கிற அந்தக் கால் இன்னும் மாறவில்லை. ஆலப்பாக்கம் தாண்டினால் முன்னால் போகிற ஒரு பஸ்ஸையும் விட்டுவைக்க மாட்டார். ஆனால் டாக்டரம்மாவிடம் சேர்ந்த இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

சின்ன எஞ்சின், ஆனால் டர்போ இருப்பதால் இழுவையும் உண்டு, மைலேஜும் உண்டு என்று ஷோரூமில் சொல்லி அனுப்பினார்கள். குறிஞ்சிப்பாடியில் டாக்டரம்மாவின் அக்கா வீட்டிலும் அதே கார்தான். லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிறதாம். எங்களுக்குப் பன்னிரண்டைத் தாண்டவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சாதாரணமாகச் சொன்னார்: "இன்னாசி, இனிமே பெட்ரோல் நானே கூட நின்னு போட்டுக்கறேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அண்ணன் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அனு, நான் அந்த டர்போவ ஒரு நாள்கூடப் போட்டதில்லம்மா. சுவிட்ச் எங்க இருக்குன்னே தெரியாது. அப்புறம் எப்படி ஜாஸ்தி குடிக்கும்?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? இருவரும் சேர்ந்து தேடினோம். ஸ்டியரிங்குக்குக் கீழே, கியர் பக்கத்தில், டிக்கியில்கூடப் பார்த்தோம். கடைசியில் அண்ணன் புரியாத பட்டனையெல்லாம் அணைத்துவைத்தார். அதில் ஏசியும் போய், டாக்டரம்மாவும் நானும் பாதி வழி வெந்துபோனோம். அப்படியும் அதே பன்னிரண்டுதான்.

சிதம்பரத்தில் மெக்கானிக் பக்கிரியிடம் கேட்டோம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சுவிட்சா? உங்க கால்தாண்ணே சுவிட்ச்! எஞ்சின் விடற பொகையில ஒரு ஃபேன் சுத்துது. அது காத்த உள்ள அமுக்குது. காத்து ஜாஸ்தியானா பெட்ரோலும் ஜாஸ்தி எறங்கும். பதமா மிதிச்சா சின்ன எஞ்சின், கொஞ்சமாத்தான் குடிக்கும். பஸ்ஸ முந்தணும்னு ஒரே மிதியா மிதிக்கிறீங்க பாருங்க, அப்பதான் மொடாக்குடி."

"அப்ப டர்போ மைலேஜ் குடுக்குமா, குடுக்காதா?"

"ரெண்டுந்தான்."

"ஏதாவது ஒண்ணச் சொல்லுப்பா!"

பக்கிரி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அண்ணனுக்குப் புரிந்தது கால் விஷயம் மட்டும்தான்.

அடுத்த இரண்டு வாரம் அவர் ஓட்டியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. டவுன் பஸ் முந்தியது. வைக்கோல் ஏற்றிய டிராக்டர்கூட முந்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் பெட்ரோல் தாக்குப்பிடித்தது. மைலேஜ் பதினேழுக்கு வந்துவிட்டது.

நேற்று பெட்ரோல் பங்கில் டாக்டரம்மா முகம் மலர்ந்தது. அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அண்ணன் பக்கத்தில் வந்து ரொம்பத் தணிவாகச் சொன்னார்: "பாத்தீங்களா இன்னாசி, நான் போட ஆரம்பிச்சதும் சரியாயிடுச்சு. பழச நான் மனசுல வெச்சிக்கல. நீங்களும் மறந்துடுங்க."

"மேடம், அது அண்ணனோட கால்..." என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"விடு அனு. அதான் மன்னிச்சாச்சே" என்று காரில் ஏறிக்கொண்டார்.

அவரைக் கிளினிக்கில் இறக்கிவிட்ட பிறகும் அண்ணன் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு டாக்டரம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மெதுவா ஓட்டினா, முன்ன திருடினேன்னு ஆவுது. வேகமா ஓட்டினா, இப்ப திருடறேன்னு ஆவுது" என்றார். "வெள்ளிக்கிழமை நான் எப்படிம்மா ஓட்டறது?"