பாடத் தெரிந்த பெண்ணைத் தேடிய அண்ணன்

எங்கள் தோட்டத்துக் கிணற்றுக்குக் கரண்ட் வந்தபோது அண்ணனுக்கு இருபத்துநாலு வயது, எனக்குப் பதினாலு. மோட்டார் ஓடிய முதல் நாள், குழாயில் தண்ணீர் பீறிட்டு விழுவதைப் பார்க்க அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அண்ணனை மட்டும் காணவில்லை. மோட்டார் ரூமுக்குள் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"என்றா பண்றே உள்ள?" என்று அப்பா கத்தினார்.

"சுருதி பாக்கறனுங்ப்பா. அசையாம நிக்குதுங்."

அன்றிலிருந்து கடலைக்காட்டுக்குத் தண்ணீர் கட்டும் வேலையை அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மோட்டாரின் ரீங்காரத்தோடு குரலைச் சேர்த்து அவர் பாட ஆரம்பித்தால், மடை மாற்ற வேண்டிய நேரம் போய்விடும். ஒரு பாத்தி முங்கிக் கிடக்கும், அடுத்த பாத்தி காய்ந்து கிடக்கும். அப்பாவுக்குக் கோபம் வரும். ஆனால் அண்ணன் எதிரே வந்து, "நாளைக்குச் சரியாக் கட்டறனுங்ப்பா" என்று சிரித்தால் அதற்கு மேல் அவரால் திட்ட முடியாது. அந்தச் சிரிப்பு அப்படி. அண்ணன் இறந்துபோய் மூன்று வருடமாகிறது. இன்றும் அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவோம்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அண்ணனிடம் ஒரு பழைய ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அதில் ஒரு கட்டை ஊமை. அழுத்தினால் காற்றுதான் வரும். அந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணன் குரலை உயர்த்திச் சமாளிப்பார். தெரியாதவர்கள் அதை ஏதோ பெரிய சங்கதி என்று நினைத்துத் தலையாட்டுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயிலில் பஜனை. டோலக் வாசிப்பவர் தையல்கடைக்காரர். கூடப் பாட, பால் சொசைட்டியில் பால் அளப்பவரும் வேலை முடிந்து வரும் நாலைந்து பேரும். அவர்களை வீடுவீடாகப் போய்க் கூப்பிட்டு வருவதே அண்ணன்தான். யார் வீட்டில் காது குத்து என்றாலும், யார் வீட்டுக் கூரை காற்றில் போனாலும், முதலில் போய் நிற்கிற ஆளும் அவர்தான். கூரை வேயும்போதும் பாட்டுத்தான். மேலே ஏறியவர் பாடினால் கீழே ஓலை எடுத்துக் கொடுப்பவர்களும் சேர்ந்து பாடியாக வேண்டும்.

இப்படிப்பட்டவர் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெண்ணுக்குப் பாடத் தெரிய வேண்டும்.

"பாட்டுப் பாடற புள்ளைக்கு நான் எங்கடா போறது? மாடு கறக்கத் தெரியுமான்னு கேட்டா ஒரு ஞாயம் இருக்குது" என்று அம்மா அலுத்துக்கொண்டார்.

"மாடு நான் கறந்துக்கறனுங்ம்மா."

இரண்டு வருடம் இப்படியே போனது. நெம்மாறையில் ஒரு பெண், ஆனைமலையில் ஒரு பெண், எல்லாம் நல்ல இடங்கள். பாடத் தெரியாது என்றதும் அண்ணன் கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவார். கடைசியில் தரகர் ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க வந்து, மறையூரில் ஒரு பெண் இருக்கிறது, குயில் மாதிரிப் பாடும் என்றார். உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்னால் மலையேறிப் போய்க் கரும்பு வைத்துப் பிழைக்கும் நம் சனம்தான் என்றும் சொன்னார்.

அப்பா, அம்மா, மாமா, அண்ணன், நான் என்று ஐந்து பேர் புறப்பட்டோம். மாமா என்பது அம்மாவின் அண்ணன். எங்கே போனாலும் பேச்சை ஆரம்பித்து வைக்கிறவர். பொள்ளாச்சியில் ஒரு பஸ், உடுமலையில் ஒரு பஸ். சின்னாறு தாண்டி மலையேறும்போது எனக்குத் தலை சுற்றியது. அண்ணன் என் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு, பஸ் ஒவ்வொரு கொண்டை ஊசி திரும்பும்போதும் கியர் மாறும் சத்தத்தை அப்படியே வாயால் போட்டுக் காட்டினார். முன் சீட்டுக் குழந்தை சிரித்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து முறைத்தார். எனக்குத் தலைசுற்றல் நின்றுவிட்டது.

பெண் வீடு கரும்புக்காட்டின் நடுவில் இருந்தது. வீட்டை ஒட்டியே வெல்லம் காய்ச்சும் ஆலை. ஓலைக்கொட்டகைக்குள் பெரிய கொப்பரையில் கரும்புப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் போன நேரத்திலும் வேலையை நிறுத்தவில்லை. அடுப்பு பற்றவைத்துவிட்டால் பாகு இறங்கும்வரை நிறுத்த முடியாதாம். முன்கூட்டியே வந்து காத்திருந்த தரகரோடு எங்களையும் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். பெண் வந்து தட்டை வைத்தது. தட்டில் இன்னும் சூடு ஆறாத வெல்ல உருண்டைகள்.

மாமா தொண்டையைச் செருமினார். "பொண்ணு நல்லாப் பாடும்னு தரகர் சொன்னாருங்க. ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்க, கேக்கலாம்."

பெண்ணின் அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் உத்தரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி, நேராக என் அம்மாவிடம் சொன்னது:

"எனக்குப் பாட வராதுங்க. இவரு சும்மா சொல்லியிருக்காருங்க. மன்னிச்சுக்குங்க."

ஆலையில் கொப்பரை கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கிளம்பப் போகிறார் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பொய் சொன்னது தரகர், தலை குனிய வேண்டியது இவளா?

அப்போதுதான் அண்ணன் சொன்னார்: "அதனால என்னங்க, நான் பாடறனுங்க."

மாப்பிள்ளை பாடிப் பெண் வீட்டார் கேட்டதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அண்ணன் சம்மணம் போட்டு, தொடையில் தாளம் தட்டி, ஒரு முருகன் பாட்டைப் பாடினார். மலைக்காற்றுக்கா என்னவோ, குரல் அன்று அவ்வளவு நன்றாக இருந்தது. உள்ளேயிருந்து பெண்கள் வந்து நிலைப்படியில் நின்றார்கள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் அரிவாளோடு வந்தார்கள். கொப்பரை கிண்டிக்கொண்டிருந்தவர்கூடத் துடுப்பைச் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

இரண்டாவது பாட்டின் நடுவில் அந்தப் பெண் சட்டென்று எழுந்தது. "ஐயோ, பாகு!" என்று ஒரே ஓட்டம். பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துடுப்பைப் பிடித்தது. அண்ணனும் பாட்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினார். பிறகு நாங்கள் எல்லோரும் ஓடினோம். அடுப்பிலிருந்து எரிகிற கரும்புச் சக்கையை இழுத்து வெளியே போடச் சொல்லி அந்தப் பெண் உத்தரவு போட, புது வேட்டி கரியாக, அண்ணன் இழுத்துப் போட்டார். பாகைத் தொட்டியில் இறக்கும்வரை இருவரும் தலை நிமிரவில்லை. நிறம் மட்டும் கொஞ்சம் கறுத்துவிட்டது, வெல்லம் தப்பித்தது.

மூச்சு வாங்க நின்ற அண்ணன் கேட்டார்: "அங்க உக்காந்துட்டு உங்களுக்கு எப்படீங்க தெரிஞ்சுது? தீஞ்ச வாசம்கூட வரலியே."

"கொதிக்கற சத்தம் மாறிப்போச்சுங்க. சளசளன்னு இருந்தது பொத்து பொத்துன்னு கேட்டுது."

"நான் பாடும்போதா?"

"நீங்க பாடினதும் கேட்டுதுங்க" என்று அது அவசரமாகச் சொன்னது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா வாய் திறக்கவே பயந்தார். சின்னாறு வந்ததும் அண்ணனே சொன்னார். "பாட்டு வராட்டிப் போகுதுங்ம்மா. காது இருக்குது. எனக்கு அது போதும்."

"ரெண்டு வருசமா அலைய விட்டதுக்கு இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லடா" என்றார் அம்மா. ஆனால் ஊர் வந்து சேரும்வரை முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

தை மாதம் கல்யாணம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கை வந்த இரண்டாவது சனிக்கிழமையே அண்ணன் அவர் கையில் ஜால்ராவைக் கொடுத்துப் பஜனையில் உட்கார வைத்தார். அவ்வளவு கூர்மையான காது இருக்கிறவருக்குத் தாளம் தானாக வரும் என்பது அண்ணனின் கணக்கு. கணக்கு தப்பிப்போனது. நங்கைக்குப் பாட்டுப் பிடித்துவிட்டால் கை வேகமாகும். பாட்டு எல்லாமே அவருக்குப் பிடித்தது. பல்லவியில் நடந்து போகிற தாளம் சரணத்தில் ஓடும். கடைசியில் எங்களுக்கு மூச்சு இறைக்கும்.

தையல்கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் அண்ணனைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். நான் பக்கத்தில்தான் விபூதித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. தாளம் ஓடுதுங்."

"ஓடட்டுமுங்க. நாமளும் கூடவே ஓடிப் பாக்கலாம்."

"டோலக் அடிச்சு அடிச்சு என்ற வெரலு வீங்கிப் போச்சுங்."

"உங்களுக்கு நான் எண்ணெய் போட்டு நீவி உடறனுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

அந்தப் பங்குனியில் பக்கத்து ஊர் மாரியம்மன் கோயில் நோம்பித் திருவிழாவுக்கு எங்கள் கோஷ்டியைக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை பஜனை, அதன் பிறகு சாப்பாடு. முதல் தடவையாக மைக்கின் முன்னால் உட்கார்ந்த சந்தோஷத்தில் நங்கையின் கை பறந்தது. பதினெட்டுப் பாட்டும் எட்டு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. பால் சொசைட்டிக்காரர் முகம் வெளுத்துப்போய் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் நிதானமாக எழுந்து மங்களம் பாடி முடித்துவிட்டார்.

கோயில் தலைவர் எங்களை நோக்கி வந்தார். திட்டு விழப்போகிறது என்று நான் நங்கையின் பின்னால் ஒதுங்கினேன். அவரோ அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "வருசா வருசம் பஜனை முடியறதுக்குள்ள கொழந்தைங்க பசியோட தூங்கிப்போகும். சோறும் ஆறிப்போகும். இந்த வருசந்தான் எல்லாரும் சூடாச் சாப்படறாங்க. அடுத்த வருசமும் நீங்கதான் வரோணும்."

அதற்குப் பிறகு எங்களுக்கு எக்ஸ்பிரஸ் கோஷ்டி என்று பெயர் வந்துவிட்டது. வண்டித்தாவளம், கோவிந்தாபுரம் என்று பல ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள். நங்கைக்கு அந்தப் பெயரின் காரணம் தெரிய ஒரு வருடம் ஆனது. என் வாய்தான் ஒரு நாள் சும்மா இராமல் உளறிவிட்டது. அவர் அண்ணனிடம் போய், "ஏன் எங்கிட்டச் சொல்லலீங்க?" என்று கோபமாகக் கேட்டார்.

"சொன்னா நீ எண்ணி எண்ணித் தட்டுவே. இப்ப சிரிச்சுட்டே தட்டறே" என்றார் அண்ணன். நங்கை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் சனிக்கிழமை. எல்லோருக்கும் முன்னால் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் தாளம் ஓடத்தான் செய்தது.

தலைப்பிரசவத்துக்கு நங்கை மறையூர் போனார். பெண் குழந்தை பிறந்த செய்தி வந்ததும் அண்ணனும் நானும் புறப்பட்டோம். சின்னாறு தாண்டியதும் ரோட்டில் யானைக் கூட்டம். பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. சத்தம் போடாதீர்கள் என்று கண்டக்டர் எல்லோரையும் எச்சரித்தார். அண்ணனால் அது முடியுமா? வாயை மூடிக்கொண்டு, விரலால் சீட்டுக் கம்பியில் மெதுவாகத் தட்டியபடியே இருந்தார். கண்டக்டர் முறைத்தால் நிறுத்துவார். அந்தப் பக்கம் திரும்பினால் ஆரம்பிப்பார். யானைகள் அவர் தாளத்தைக் கண்டுகொள்ளாமல் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு இறங்கிப் போயின.

வீட்டுக்குள் நுழைந்ததும் நங்கையின் அம்மா குழந்தையை அண்ணன் கையில் கொடுத்தார். குழந்தை விழித்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. அண்ணன் பாடிப் பார்த்தார். இன்னும் பலமாக அழுதது. வேறு ராகத்தில் பாடிப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்த நங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இங்க குடுங்க. இது பசிக்கு அழுகற சத்தமுங்க" என்று கையை நீட்டினார்.